ஓரகத்தியின் முள்ளுக்காடு

சீனியக்கா யாருடைய பொருளுக்கும் ஆசைப்பட்டவள் இல்லை என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். உளுந்து எடை போட்ட பிறகும் ஒரு பிடி அள்ளிப் போடுகிற கை அவளுடையது. ஆனால் அவள் பலசரக்குக் கடையை ஒட்டிக் கிடந்த ஐந்து சென்ட் காலி மனையை மட்டும் பல வருஷமாகக் கண்ணாலேயே தின்றுகொண்டிருந்தாள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சாமி படத்தைக் கூட அப்புறம்தான் பார்ப்பாள். முதலில் அந்த மனையைத்தான் பார்ப்பாள். அது அவளுடைய ஓரகத்தி சிவந்திக்குச் சொந்தமான மனை.

என் தையல் கடை அவள் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. திருவொற்றியூர் தேரடிக்குப் பின்பக்கம், ஒரு குட்டியானை லோடு வண்டி வந்தால் இரண்டு ஸ்கூட்டர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. எனக்குக் கடையும் வாடகை, வீடும் வாடகை. ஆகவே சொந்த இடம் வைத்திருப்பவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு இரக்கம் சீக்கிரத்தில் வராது. மெஷினை மிதித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பேன். சீனியக்காவின் கதை முழுவதையும் நான் அப்படித்தான் பார்த்தேன்.

அவள் புருஷன் தங்கப்பாண்டியும் அவருடைய தம்பி லிங்கத்துரையும் உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அந்தக் கடையை எழுப்பினார்கள். மூட்டை இறக்குவது தம்பி, கல்லாவில் உட்காருவது அண்ணன். இரண்டு பெண்டாட்டிகளும் கடைக்கு மேலே ஒரே சமையலறையில் பொங்கினார்கள். ஒரே சமையலறை எத்தனை நாள் தாங்கும்? பாகம் பிரிக்கலாம் என்று ஒருநாள் முடிவாயிற்று.

அவர்கள் பக்கம் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். மூத்தவன் சொத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இளையவன் தனக்கு எது வேண்டுமோ அதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிக்கிறவன் தனக்குச் சாதகமாகப் பிரிக்க முடியாது, ஏனென்றால் எது தன் கைக்கு வரும் என்று அவனுக்கே தெரியாது. தங்கப்பாண்டி அண்ணன் நியாயஸ்தர். கடையும் மாடியும் ஒரு பங்கு, பக்கத்து மனையும் கையிருப்பு ரொக்கமும் மற்றொரு பங்கு என்று வைத்தார்.

சீனியக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஓடுகிற கடையை விட்டுவிட்டு முள்ளு முளைத்த மனையை எந்தப் பைத்தியக்காரனாவது எடுப்பானா? கடை கொழுந்தனுக்குப் போய்விடும், நாம் முள்ளுக்காட்டில்தான் நிற்கப்போகிறோம் என்று வடிவுடையம்மன் சந்நிதியில் நின்று ஓவென்று அழுதிருக்கிறாள். கோயில் வாசலில் பூ விற்கிறவள் வந்து என்னிடம் சொன்னாள். மறுநாள் பெரியவர்கள் முன்னிலையில் சிவந்தி எழுந்து, "எங்களுக்கு அந்த மனையே போதும் அத்தான்" என்றாள். லிங்கத்துரை பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டிவிட்டார்.

அன்றைக்கு சீனியக்கா அம்மனுக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தாள். தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தாள். அவள் கேட்டது அப்படியே அவளுக்குக் கிடைத்தது. அதற்காக அவளால் சிவந்தியை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் அப்புறம் மெட்ரோ வந்தது. தேரடியில் தூண் எழும்ப எழும்ப மனை விலையும் எழும்பியது. கடைக்கோ இறங்குமுகம். அரிசியையும் எண்ணெயையும் ஜனங்கள் போனில் தட்டி வீட்டுக்கே வரவழைக்கிறார்கள். பழைய வாடிக்கை எல்லாம் அவசரத்துக்குக் கொத்தமல்லி வாங்க மட்டும் வருகிறது. சிவந்தியும் லிங்கத்துரையும் ரொக்கத்தைக் கொண்டுபோய் வண்ணாரப்பேட்டையில் நைட்டி மொத்த வியாபாரம் போட்டார்கள். ஒரு கடை இரண்டாயிற்று. பெரம்பூரில் வீடு கட்டினார்கள், அதில் லிப்ட் வைத்தார்கள். லிப்ட் வைத்த சேதி வந்த அன்று சீனியக்கா என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, "மூணு மாடிக்கு எதுக்குட்டி லிப்டு? கால் இல்லையா அவளுக்கு?" என்று கேட்டாள். அவள் வயிறு எரிந்தது எனக்கு எதிரிலேயே தெரிந்தது.

"அவளுக்கு மட்டும் எப்பிடிட்டி தெரிஞ்சிது?" என்பாள் அடிக்கடி. "மெட்ரோ வரப்போவுதுன்னு எவனோ அவ காதுல ஊதியிருக்கான். இல்லன்னா நல்ல கடைய விட்டுட்டு முள்ள எடுப்பாளா?"

"அந்த டைம்ல மெட்ரோன்னு பேச்சே கெடையாதுக்கா."

"நீ சும்மா கெட. ஒனக்கு அவளத் தெரியாது."

இந்த எரிச்சலுக்கு அவளிடம் இரண்டு மருந்து இருந்தது. ஒன்று, தெருவில் புதிதாகக் குடிவந்த பாதிப் பேர் அந்த மனையும் சீனியக்காவுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி வண்டிக்காரர் வந்து, "யக்கா, வண்டிய ஓரமா உங்க எடத்துல வுட்டுக்கவா?" என்று கேட்பார். "வுட்டுக்கோ, ஆனா குப்ப போடக்கூடாது" என்பாள். ஆடி மாசம் கூழ் ஊற்றப் பந்தல் போடுகிறவர்களும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். எங்கள் இடம் என்று அவள் வாயால் ஒரு தடவையும் சொன்னதில்லை. எங்கள் இடம் இல்லை என்றும் சொன்னதில்லை. உத்தரவு கொடுக்கும்போது அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும், பாருங்கள், அதை வேறு எந்த நேரத்திலும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது மருந்து அந்தப் புதரேதான். சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் போய், எருக்கும் காய்ந்த புல்லும் மண்டி, ஊர்க் குப்பை எல்லாம் உள்ளே கிடந்தது. புரோக்கர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார்கள். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, மனை எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாமல் திரும்பிவிடுவார்கள். ஒவ்வொருவர் திரும்பும்போதும் சீனியக்காவுக்கு நிம்மதி. இப்படியே கிடந்தால் ஒருநாள் சிவந்தி சலித்துப்போய், கிடைத்த விலைக்கு நம் தலையிலேயே கட்டிவிட்டுப் போவாள் என்று அவள் காத்திருந்தாள். அந்த ஒரு ஆசையில்தான் அவள் பொழுது போயிற்று.

போன அக்கினி நட்சத்திரத்தில் எவனோ பீடியை அணைக்காமல் வீசினான். காய்ந்த புல் பிடித்துக்கொண்டது. நாங்கள் புகையைப் பார்ப்பதற்குள் தீ கடையின் பின்சுவர் வரைக்கும் போய்விட்டது. அங்கே அண்ணன் அடுக்கி வைத்திருந்த பழைய அட்டைப்பெட்டிகள் பிடித்தன. தெருவே குடமும் பக்கெட்டுமாக ஓடியது. தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்று குழாயை இழுத்தது. நல்ல வேளை, அட்டைப்பெட்டியோடு போயிற்று.

இரண்டு நாள் கழித்து மாநகராட்சியிலிருந்து செங்கொடி வந்தாள். எங்கள் வார்டில் குப்பை, சாக்கடை எல்லாவற்றுக்கும் மேற்பார்வை அவள்தான். கொருக்குப்பேட்டைக்காரி, குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். கருகிய புதரைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள்.

"இன்னாமா, இந்த எடம் யாருது? பக்கத்து வூடு நீதான, தெரியும்ல?"

"அது வந்து, எங்க கொழுந்தன்..." என்று ஆரம்பித்த சீனியக்கா நிறுத்தினாள். "யாருதுன்னு தெரிஞ்சா என்ன செய்வீய?"

"இன்னா செய்வோம்? நோட்டீஸ் குடுப்போம். காலி மனைல பொதரு, குப்ப, காஞ்ச புல்லு எதுவும் இருக்கக் கூடாது, ஓனரு கிளீன் பண்ணிடணும். ரூல்ஸ் கீது. பண்ணலன்னா நாங்களே ஆள வுட்டு பண்ணிட்டு செலவையும் அபராதத்தையும் ஓனரு தலைல கட்டிடுவோம். அத்தோட வாசல்ல ஒரு போர்டு நடுவோம். இந்த மனை இன்னாருக்குச் சொந்தம், சரியா பராமரிக்கலன்னு கொட்டை எழுத்துல. தெருவே படிச்சிகினு போவும். மானம் போனாத்தான் சில பேருக்கு புத்தி வருது."

எனக்கு உள்ளுக்குள் குஷி. சிவந்தியின் மானம் கப்பலேறப் போகிறது, சீனியக்காவுக்கு இதைவிடப் பெரிய விருந்து வேறு என்ன இருக்க முடியும்? பேரைச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று கைதட்ட வேண்டியதுதான் பாக்கி. ஊசியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன்.

ஆனால் அவள் முகம் வேறு மாதிரிப் போயிற்று. செங்கொடி சொன்ன போர்டில் இரண்டாவது வரி அவள் காதில் விழவே இல்லை. "இந்த மனை சிவந்திக்குச் சொந்தம்" என்ற முதல் வரிதான் விழுந்தது. இஸ்திரிக்காரர் படிப்பார். பால் போடுகிறவள் படிப்பாள். பந்தல்காரர்கள் படித்துவிட்டு, அப்படியா சேதி என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். தன் கடை வாசலில், தன் கண்ணெதிரே, கொட்டை எழுத்தில் சிவந்தியின் பேர் ராத்திரி பகலாக நிற்கும்.

"எங்களுதுதாம்மா" என்றாள் சீனியக்கா. "எங்க எடந்தான். நாங்களே வெட்டிப்புடுதோம். போர்டெல்லாம் வேண்டாம்."

செங்கொடி நோட்டீஸை அவள் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கையில் தையல் கோணலாகப் போயிருந்தது.

அன்று மாலை கடைக்குள் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடந்த பேச்சு சந்து முழுக்கக் கேட்டது. தங்கப்பாண்டி அண்ணன் சத்தமே போடாதவர். அன்றைக்குப் போட்டார்.

"அவன் எடத்துக்கு நீ ஏன்ட்டி கையெழுத்துப் போட்ட? ஒனக்கு மூளை கீளை இருக்கா?"

"போட்டா என்ன? பத்திரம் மாறியா போச்சி?"

"நான் தம்பிக்கு ஒரு போன் போட்டு விசயத்தச் சொல்லுதேன். அவன் ஆள வச்சி வெட்டிக்கிடட்டும்."

"போட்டுப் பாருங்க. நான் இன்னைக்கே ஊருக்கு பஸ் ஏறிருவேன். அவ வந்து, ஐயோ பாவம் அக்காவுக்குச் செரமம்னு கார்ல எறங்கி நிப்பா. நான் அதப் பாக்கணுமா?"

அண்ணன் போன் போடவில்லை. அவர் நியாயஸ்தர்தான், ஆனாலும் மாலை நேரத்தில் சூடாகச் சாப்பாடு வேண்டுமே.

முள் வெட்ட எண்ணூரிலிருந்து அம்புரோஸ் வந்தார். விறகு வியாபாரி. இந்தப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டுவதில் கூலி என்று ஒன்று கிடையாது. வெட்டுகிறவனே மரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான், மரம்தான் கூலி. அம்புரோஸும் அதைத்தான் சொன்னார். "ஒரு பைசா வேணாம்மா. மரத்த தூக்கினு போய்டுறேன். ஓனரு சரின்னா போதும்." சீனியக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மரத்தையும் கொண்டுபோ, கூலியும் வாங்கிக்கொள் என்றாள். அம்புரோஸ் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்பது போல என்னைப் பார்த்தார்.

"ஏங்க்கா, சும்மா வெட்டித் தரேன்னு சொல்ற ஆளுக்குப் போய்..." என்று நான் இழுத்தேன்.

"ஓசில வெட்டுனான்னு நாளைக்கி ஒருத்தன் சொல்லப்படாதுட்டி. சொந்த எடத்த செலவு பண்ணி சுத்தம் பண்ணுதேன். எல்லாவனும் பாக்கட்டும்."

எல்லோரும் பார்த்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று, இதை வெட்டு, அதை வேரோடு பிடுங்கு, வேரை விட்டால் மறுபடி துளிர்க்கும் என்று அவள் ஏவியதைத் தெருவே பார்த்தது. அம்புரோஸின் ஆட்கள் அவளை ஓனரம்மா என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் உள்ளே போய் அவர்களுக்கு மோர் கலக்கிக் கொண்டுவந்தாள். புருஷனுக்கு ஒரு வாரம் மோர் கிடைத்திருக்காது.

புதர் குறையக் குறைய மனை பெரிதாகிக்கொண்டே போயிற்று. எங்களுக்கே ஆச்சரியம். இத்தனை அகலமா? பின்பக்கம் ஒரு மூலை இன்னொரு சந்தைப் போய்த் தொட்டது. அதாவது இரண்டு பக்கமும் வாசல் வைக்கலாம். கல்லு நட்டிருந்த நான்கு எல்லையும் தெரிந்தது. கடைசி மரத்தைச் சாய்த்தபோது கடல் பக்கத்திலிருந்து தடையில்லாமல் காற்று வந்து என் மெஷின் மேலிருந்த துணியைத் தூக்கியது. நான் சந்தோஷமாகச் சீனியக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"பாத்தியாட்டி எவ்வளவு பெரிசுன்னு" என்றாள். "காத்து எப்பிடி வருது பாரு. இத்தன நாளும் முள்ளுன்னு நெனச்சி கொஞ்சமாச்சும் ஆறியிருந்தேன். இப்ப முழுசாத் தெரியுதே. இதையா அவளுக்குத் தூக்கிக் குடுத்தோம்?"

இதுவரை அவள் பட்ட பொறாமைக்கு ஒரு வரம்பு இருந்தது. முள் அதை மூடி வைத்திருந்தது. இப்போது தன் கைக்காசைப் போட்டு அதைத் திறந்துவிட்டுவிட்டாள். சாயந்தரம் கடையில் உட்கார்ந்தால் அந்த வெறும் மண் அவளை நேராகப் பார்த்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணன் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

செங்கொடிக்கு ஒரே சந்தோஷம். வார்டில் நோட்டீஸ் வாங்கின முதல் ஆள் இவ்வளவு சீக்கிரம் வேரோடு சுத்தம் பண்ணியது அவளுக்குப் பெரிய விஷயம். சீனியக்காவை மனைக்கு நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்து, "உரிமையாளர் திருமதி சீனியம்மாளுக்கு நன்றி" என்று வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். சீனியக்கா அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அது எங்கெங்கே போகும் என்று அவள் யோசிக்கவில்லை. வார்டு குரூப்பில் இருந்த ஒரு பாத்திரக்கடைக்காரர் அவர்களுடைய உறவின்முறை குரூப்பிலும் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கொடி வேறு மனைக்காரர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள், இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று காட்டுவதற்கு. தெரு ஜனமும் கூடிவிட்டது. சீனியக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சந்து முனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. சிவந்தி இறங்கினாள், பின்னால் லிங்கத்துரை.

சீனியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிவந்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை பேர் முன்னால் பொய்க்காரி, பிறத்தியார் மனையை அபகரிக்கப் பார்த்தவள் என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அந்தத் தெருவில் கல்லாவில் உட்கார முடியுமா?

செங்கொடிக்கு என்ன தெரியும்? வந்தவர்களையும் மனை வைத்திருப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டு, "வாங்க வாங்க, நீங்களும் பாத்துக்கங்க. இதோ இவங்கதான் ஓனரு" என்று சீனியக்காவைக் காட்டினாள்.

சிவந்தி மனையைப் பார்த்தாள். சீனியக்காவைப் பார்த்தாள்.

"ஆமா, எங்க அக்காதான்" என்றாள் சிவந்தி சிரித்துக்கொண்டே. "எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அவுகதான் ஓனரு."

எல்லோரும் சிரித்தார்கள். சிவந்தி தங்கமான பெண், அவளால் சபையில் மானம் பிழைத்தது என்று எனக்கு அவள் மேல் மரியாதையே வந்தது. சீனியக்காவின் முகத்தைப் பார்த்தேன். அங்கே நன்றி இல்லை. "பாத்தியா, இதுலயும் நல்ல பேரு அவளுக்குத்தான்" என்று என் காதுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

கூட்டம் கலைந்ததும் அவர்களைக் கடைக்குள் கூட்டிப்போனாள். தனியாக மாட்டிக்கொள்ளப் பயந்து, "டீ போடணும், நீயும் வாட்டி" என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். தங்கப்பாண்டி அண்ணன் தம்பியைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். லிங்கத்துரை உட்காரவில்லை. மூட்டைகளுக்கு நடுவே நடந்தார். ஒரு சாக்கில் கைவிட்டுத் துவரம்பருப்பை அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்த்தார்.

"மைனி, இந்தப் பலகைய இன்னுமா மாத்தல?" என்று கல்லாவுக்கு முன்னால் இருந்த பழைய பலகையைத் தடவினார். "நான் அடிச்ச ஆணியில்லா இது."

டீயைக் குடித்த சிவந்தி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நான் கோவிக்க வரல. ஒங்களுக்கு இந்த எடத்து மேல இவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா எப்பமோ கேட்டிருப்பேன்."

"என்னத்தக் கேப்ப?"

"மாத்திக்கிடுவமா? மனைய நீங்க எடுத்துக்கோங்க. கடைய எங்களுக்குக் குடுங்க. இவுகளுக்குக் கடை ஞாபகமாத்தான் இருக்கு. அன்னைக்கும் கடையத்தான் எடுக்கணும்னு இருந்தாவ. நீங்க கோயில்ல அழுததக் கேட்டு நாந்தான் தடுத்தேன். நைட்டி யாவாரத்த மகன் பாத்துக்கிடுவான். நாங்க ரெண்டு பேரும் இங்க வந்து உக்காந்துக்கிடுதோம்."

தங்கப்பாண்டி அண்ணனின் கண் கலங்கிவிட்டது. "குடுத்துருவோம்ட்டி" என்றார் பெண்டாட்டியிடம். "மனைய வித்தாலும் நாம சாகுற வரைக்கும் ஒக்காந்து சாப்பிடலாம். கடையும் வெளிய போவாது, தம்பிகிட்டத்தான இருக்கும்?"

எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? பல வருஷம் ஏங்கிய மனை டீ டம்ளரோடு முன்னால் வந்து நிற்கிறது. எனக்கெல்லாம் அப்படி யார் வந்து கேட்கப்போகிறார்கள்? சரி என்ற ஒரு சொல்தான் பாக்கி. சொல்லுக்கா சொல்லுக்கா என்று மனசுக்குள் கத்தினேன்.

சீனியக்கா கடையைச் சுற்றிப் பார்த்தாள். துருப்பிடித்த ஷட்டர், எலி கடித்த சாக்கு, ஈ மொய்க்கும் வெல்லம். காலையில்கூட அதே ஷட்டரைச் சபித்துக்கொண்டேதான் தூக்கினாள். இப்போது அவள் கண் அதன் மேல் ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். அப்புறம் சிவந்தியைப் பார்த்தாள். மறுபடி கடையைப் பார்த்தாள்.

"கடைய ஏன் கேக்குற?" என்றாள்.

"அதான் சொன்னனேக்கா, இவுக ஆசைக்கு."

"ஆசைக்கு எவளாச்சும் மனையக் குடுத்துட்டுக் கடைய வாங்குவாளா?"

லிங்கத்துரை பலகையிலிருந்து கையை எடுத்தார். சீனியக்கா யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் யோசிக்கவில்லை, விசாரித்தாள். இந்தப் பக்கம் ரோடு அகலமாகிறதா என்று செங்கொடியைக் கேட்டாள். கடைக்கு நேரே மெட்ரோவுக்கு இன்னொரு வாசல் வருகிறதா என்று புரோக்கரைக் கேட்டாள். பெரிய கம்பெனி ஏதாவது கடை பிடிக்க அலைகிறதா என்று என்னைக் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னோம். ஒன்றும் இல்லை என்று சொல்லச்சொல்ல அவளுக்குச் சந்தேகம் கூடியது. ஒன்றும் இல்லாததற்கா சிவந்தி மனையைத் தருவாள்? அண்ணன் கெஞ்சினார், திட்டினார், இரண்டு நாள் பேசாமல் இருந்தார். கடைசியில் அவளே போன் போட்டு, "கடைய மாத்துற எண்ணம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டாள். சிவந்தி "சரிக்கா" என்றாளாம். அந்த ஒரு சொல்லோடு வைத்துவிட்டாளாம்.

சுத்தமான மனை பார்வைக்கு நன்றாக இருந்தது. இரண்டு பக்க வாசல், நாலு எல்லையும் தெளிவு. முதலில் வந்து பார்த்த ஸ்கேன் சென்டர்காரரே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். பத்திரப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அண்ணனைத்தான் தம்பி அழைத்துப்போனார். ஐப்பசி மழைக்கு முன்னால் அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். கூழ்ப் பந்தலுக்கு இனி சீனியக்காவிடம் கேட்க வேண்டியதில்லை என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சீனியக்கா இப்போது விடியும் முன்பே கடையைத் திறக்கிறாள். ஷட்டருக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. மத்தியானம் தூங்கப் போவதில்லை. தெரியாத முகம் யாராவது கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றால், சிவந்தி அனுப்பிய ஆளோ என்று எழுந்து வந்து பார்க்கிறாள். போன வாரம் கூட்டம் இல்லாத நேரமாக என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிரே மனையில் கான்கிரீட் கலக்குகிற சத்தம். கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி சாபிரா, அவ நெசமாவே கடையக் கேட்டாளா? இல்ல, கேட்டா நான் குடுக்கமாட்டேன்னு தெரிஞ்சிகிட்டே கேட்டாளா?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அவ எப்டி கேட்டா உனக்கு இன்னாக்கா? நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்நேரம் அந்த எடம் உன்னுது. இன்னா வேணும்னுதான் இத்தினி வருசம் உருகினு கெடந்த? கைல குடுத்தா, வேணாம்னுட்ட!"

அவள் கோபப்படவில்லை. நான் சொன்னதை நிதானமாக யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், எனக்கு அது தெரிந்தது.

"குடுத்திருந்தா கடை அவளுதால்லா ஆயிருக்கும்?" என்றாள்.

எதிரே யாரோ அரைக் கிலோ ரவை என்று குரல் கொடுத்தார்கள். அவள் அவசரமாக எழுந்து சந்தைத் தாண்டிப் போனாள்.